ஜம்புலிங்கத்தின் இசைத்தட்டு

அப்துல் குத்தூஸின் கடைக்குப் பின்னால் இருந்த கிட்டங்கியில், சர்க்கரை மூட்டை மேல் உட்கார்ந்து மரகதம் தன் புருஷனின் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள். காதில் விழுந்தது, ஆனால் பிடிபடவில்லை. ரேஷன் அரிசியில் கிடக்கிற கல்லைப் பற்றி ஜம்புலிங்கம் கட்டிய பாட்டு அது. அவன் பாடினால் பல்லில் கல் மாட்டியவன் போடுகிற கூச்சலாகத்தான் இருக்கும். இப்போது அதையே வேபி கிராமத்துக் கரேன் இனத்தார், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவதுபோல நாலு குரலில் இழைத்துப் பாடியிருந்தார்கள். தமிழ் வார்த்தைகள் அவர்கள் நாக்கில் உருண்டு வந்ததில் அரிசியும் தெரியவில்லை, கல்லும் தெரியவில்லை. ஆனால் அவளுக்கு அழுகை வந்தது. எதற்கு வருகிறது என்று விளங்காமலே முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஜம்புலிங்கத்துக்குக் குரல் கிடையாது, தாளமும் கிடையாது. இதை மாயாபந்தர் என்கிற அந்தத் தீவூரில் அவனைத் தவிர எல்லோரும் அறிவார்கள். சா ஜான் என்கிற கரேன் நண்பனிடம் கிதாரில் மூன்றே மூன்று பிடிகள் கற்றுக்கொண்டு, தார் டின்னைக் குப்புறக் கவிழ்த்து ஒருவனை அடிக்க விட்டு, ஜெட்டிக்குப் பக்கத்து மைதானத்தில் நின்று கத்துவான். கப்பல் வராததற்கு ஒரு பாட்டு, டாக்டர் லீவில் போனதற்கு ஒரு பாட்டு. ஆரம்பித்த வேகத்தில் முடிந்துவிடும். குடும்பஸ்தர்கள் கதவைச் சாத்துவார்கள், இளவட்டங்கள் குதிப்பார்கள். மரகதம் கதவைச் சாத்துகிற கட்சி. ரோட்டு வேலையில் நாளெல்லாம் ஜல்லி சுமந்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலும் டின் சத்தம் எப்படி இனிக்கும்?

அவனை உள்ளே தள்ளியது ஒரு பாட்டுதான். மர காண்ட்ராக்டர் ஒருவரிடம் கூலி உயர்வு கேட்டு ஆட்கள் வேலையை நிறுத்தியிருந்த நேரம். ஜம்புலிங்கம் மைதானத்தில் புதுப் பாட்டு ஒன்றை எடுத்து விட்டான். மறுநாள் விடியும்போது, ஓடைமுகத்தில் கட்டி மிதக்க விட்டிருந்த காண்ட்ராக்டரின் மரங்கள் கயிறு அறுபட்டுக் கடலோடு போயிருந்தன. அறுத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. அந்த ராத்திரி முழுக்க ஜம்புலிங்கம் காய்ச்சலில் சுருண்டு கிடந்தான், நெற்றியில் ஈரத்துணி போட்டவள் மரகதம். பெண்டாட்டி சாட்சி எந்தக் கோர்ட்டில் எடுபடும்? தூண்டிவிட்டவன் அவன்தான் என்று பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஜாமீன் இல்லை. கல்கத்தாவிலிருந்து பெரிய வக்கீல் வந்தால்தான் ஏதாவது நடக்கும் என்றார்கள். அதற்குப் பணம் திரட்டத்தான் இந்த ஏற்பாடு. அவன் பாட்டுகளை ஆளாளுக்குத் தங்கள் பாணியில் பாட வேண்டும். குத்தூஸ் கப்பல்காரன் ஒருவனிடம் வாங்கிய பாட்டரி டேப்பில் பிடித்து, கல்கத்தாவுக்கு அனுப்பி இசைத்தட்டாக அடித்து, தீவு தீவாக விற்க வேண்டும்.

"அடுத்ததுதான் அந்த மரப் பாட்டு. கேளு தங்கச்சி" என்றார் குத்தூஸ்.

டேப்பில் ஒருவன் தொண்டையைச் செருமினான். "யே கானா ஜம்புலிங்கம் பாயி கா ஹை" என்று, இது ஜம்புலிங்கம் அண்ணனின் பாட்டு என்று, உரக்க அறிவித்தான். ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் இப்படித்தான். இந்தத் தீவில் அதை விட்டு எந்த விழாவும் நடக்காது. பந்தல் போட்டவர் பெயர், பாயசத்துக்குச் சர்க்கரை கொடுத்தவர் பெயர், பாட்டுக் கட்டியவர் பெயர், எல்லாவற்றையும் மைக்கில் சொல்லியாக வேண்டும். வங்காளியும் தெலுங்கனும் ராஞ்சிக்காரனும் கூடுகிற இடத்தில் ஒருவர் பேச்சு இன்னொருவருக்கு அரைகுறை. பெயர் மட்டும்தான் எல்லோருக்கும் முழுசாகப் புரியும். சொல்லாமல் விட்டால் அது அவமரியாதை.

பிறகு பாட்டு.

மரத்த வெட்டுனது நாங்க
மழையில நனஞ்சது நாங்க
மெதக்குறது மட்டும் ஒன்னுதா?
ஜானே தோ, ஜானே தோ.

போகட்டும் விடு, போகட்டும் விடு என்று அத்தனை பேரும் சேர்ந்து கத்தியதில் டேப்பெட்டி அதிர்ந்தது. குத்தூஸுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"ரங்கத்துல இருந்து வண்டூர் வரைக்கும் சொல்லி வச்சிருக்காக தங்கச்சி. இந்தப் பாட்டு இருந்தா தட்டு வாங்குறோம்ங்குறாக."

அந்த வாரமே மரகதம் படகேறி போர்ட் பிளேருக்குப் போனாள். நல்ல செய்தி கொண்டுபோகிறோம் என்ற நினைப்பில், அங்கே கேஸைக் கவனித்துக்கொண்டிருந்த வக்கீல் கிருஷ்ணமூர்த்தியிடம் டேப்பைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னாள். பேர் சொல்லி அறிவிப்பதையும் பெருமையாகச் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டார்.

"ஏம்மா, அந்தப் பாட்டு யாரோடதுன்னு சொல்ல ஒரு சாட்சி கிடைக்காம போலீஸ்காரங்க தவிச்சுக்கிட்டு இருக்காங்க. மைதானத்துல இருந்த அத்தனை பேரும் இருட்டா இருந்துச்சு, எல்லாரும்தான் பாடினோம்னு சொல்லிட்டாங்க. கேஸே அந்த ஒரு இடத்துலதான் நொண்டுது. நீங்க தட்டுல அடிச்சு கோர்ட்டுக்கே கொண்டாந்து குடுக்கறேங்கறீங்களே."

அவளுக்குக் காது அடைத்தது. அந்தப் பாட்டை மட்டும் எடுத்துவிடலாமா என்றாள். எடுத்துவிடுங்கள் என்றார் அவர். எடுத்தால் தட்டை யார் வாங்குவார்கள், கல்கத்தா வக்கீல் எங்கிருந்து வருவார் என்றாள். பேரை மட்டும் விட்டுவிட்டால்? "மத்த பாட்டுக்கெல்லாம் பேர் சொல்லிட்டு இதுக்கு மட்டும் வாயை மூடினா, குழந்தை கூட கண்டுபிடிச்சிடுமேம்மா. வேற யார் பேராவது இருந்தாத்தான் உண்டு" என்றவர், வாய் தவறிவிட்டதுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜெயிலில் ஜம்புலிங்கம் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றான். மெலிந்திருந்தான். வக்கீல் சொன்னதை அவள் தணிந்த குரலில் ஒப்பித்தாள். அவன் காதில் அதெல்லாம் ஏறியதாகத் தெரியவில்லை.

"சா ஜான் பாடுனானா? எப்படிப் பாடுனான்?"

"சர்ச்சுல பாடுற மாதிரி."

அவன் சிரித்தான். கைதான பிறகு அவன் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எம் பேரு சொல்றாங்களா?"

"அதத்தானே சொல்லிக்கிட்டு இருக்கேன். பேரு வரக் கூடாதுங்குறாக."

"வரணும் புள்ள. கயித்த நான் அறுக்கல. அத எவன் கேட்டாலும் சொல்லுவேன். ஆனா பாட்டு என்னுது. அதையும் எனக்கு இல்லேன்னு சொல்லிட்டு நான் வெளிய வந்து என்ன பண்ண?"

அவளுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. வெளியே வந்து என்ன பண்ணவா? பெண்டாட்டி இருக்கிறாள், பள்ளிக்கூடம் போகிற மகள் இருக்கிறாள், ஒழுகுகிற கூரை இருக்கிறது. இதெல்லாம் பண்ணுவதற்கு இல்லையா? கேட்டிருக்கலாம். ஆனால் அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைத் துடைத்துவிட்டு வர அவளுக்கு மனசு வரவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டாள். எதற்குச் சரி என்றோம் என்று வாசல் தாண்டியதும் குழம்பினாள்.

திரும்பி வரும் படகில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. ஒருநாள் கஞ்சி ஊற்றிக்கொண்டே, "வெட்டுறதும் நீங்க, நனையுறதும் நீங்க, மெதக்குறது மட்டும் அந்தாளுக்கா" என்று அவள்தானே அலுத்துக்கொண்டாள்? அல்லது அவன் சொல்லி அவள் திருப்பிச் சொன்னாளா? எத்தனை முறை யோசித்தாலும் ஒரு முறை அவள் வாயில் வந்தது, மறுமுறை அவன் வாயில் வந்தது. அவன் பாட்டுகளை அவள் ஒருநாளும் ஒழுங்காகக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இப்போது தெரிந்திருக்கும். படகு ஆடிய ஆட்டத்தில் தலை சுற்றியதா, யோசித்து யோசித்துச் சுற்றியதா என்பதும் தெரியவில்லை.

கிட்டங்கியில் மறுபடி கூடினார்கள். வேறு யார் பேராவது வேண்டும் என்று வக்கீல் சொன்னதைக் கேட்டதும் யாரும் யாரையும் பார்க்கவில்லை. சா ஜானுக்கு அரசாங்கக் காட்டிலாகாவில் வேலை. டின் அடித்தவனுக்கு நிலப் பட்டா இன்னும் கைக்கு வரவில்லை. குத்தூஸுக்குக் கடை லைசென்ஸ். ஒவ்வொருவரும் நல்லவர்கள்தான், ஒவ்வொருவருக்கும் பறிபோவதற்கு ஒன்று இருந்தது. மரகதத்துக்கும் ரோட்டு வேலை இருந்தது. பள்ளிக்கூடம் போகிற மகளும் இருந்தாள்.

"எம் பேரச் சொல்லுங்க பாய்" என்றாள்.

"என்னம்மா பேசுற? நாளைக்கு ஒன்னையும் கூப்புட்டா?"

"கூப்புடட்டும். அதுல ஒரு வரி என்னுதுதான்." சொன்ன பிறகு, "அப்படித்தான் நெனைக்கிறேன்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

சா ஜான் கிதாரை மடியில் வைத்தபடி, அண்ணி முறை சொல்லி மெதுவாகக் கேட்டான். "பாபி, ஜம்புவுக்குத் தெரியுமா?"

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். குத்தூஸ் தாடியைத் தடவினார். பிறகு புதுச் சிறு சுருள் ஒன்றை மாட்டி, மைக்கை அவள் பக்கம் நகர்த்தினார். நீயே சொல், உன் பேரை என் வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை என்றார். மத்தியான வெயில் தகரக் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. சுருள் சுற்ற ஆரம்பித்தது. மரகதம் வறண்ட உதட்டை நனைத்துக்கொண்டு, "யே கானா மரகதம் கா ஹை" என்றாள். உடனே கிதார் எழுந்தது, டின் அதிர்ந்தது. எல்லோரோடும் சேர்ந்து அவளும் கத்தினாள். ஒரு வார்த்தை தவறவில்லை. இத்தனை நாளும் கதவைச் சாத்திக்கொண்டிருந்தவளுக்கு இதெல்லாம் எப்படி மனப்பாடம் ஆயிற்று என்று கத்திக்கொண்டே திகைத்தாள்.

முடிந்ததும் குத்தூஸ் சுருளைத் திருப்பி ஓட விட்டார். யாரோ ஒரு பெண் தன் பெயரைச் சொன்னாள். பயமே இல்லாத குரல். மரகதத்துக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. பின்னாலேயே வந்த பாட்டு, கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனின் பாட்டுதான். இடம் தப்பிய கிதாரும், முந்திக்கொண்டு ஓடுகிற டின்னும், எல்லாமே அவன்தான். இந்தத் தட்டு ஒருநாள் அவன் காதுக்குப் போகும். வெளியிலா, உள்ளேயா? எங்கே இருந்தாலும் பாட்டுக்கு முன்னால் அவன் தன் பேருக்காகக் காத்திருப்பான்.

ஜெட்டியில் படகு சங்கு ஊதியது. கல்கத்தாக் கப்பலைப் பிடிக்க வேண்டுமானால் சுருள் அதில் போயாக வேண்டும்.

"வேணாம்னா இப்பவே அழிச்சுப்புடலாம் தங்கச்சி" என்றார் குத்தூஸ். "ஒரு வார்த்தை சொல்லு."

பாட்டு முடிந்துவிட்டது. சுருள் நிற்கவில்லை. ஓடித் தீர்ந்த நாடாவின் நுனி ஒவ்வொரு சுற்றிலும் பெட்டியின் விளிம்பில் டப், டப் என்று அடித்தபடி சுழன்றுகொண்டே இருந்தது. அதை நிறுத்த யாரும் கை நீட்டவில்லை. எல்லோரும் மரகதத்தின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.