ஆளுக்கு முன்னால் வந்த நிழல்

1

இந்தக் கதை ஒரு நிழலிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்த ஓவியக்காரி ஒருத்தியின் அறையில் ஒரு படம் சுவரைப் பார்த்தபடி சாத்தியிருந்தது. திருப்பினேன். வெட்டவெளி, பின்னால் குன்று, புல்லின் மீது ஒரு பெண்ணின் நீண்ட நிழல். பெண்ணைத்தான் காணோம். அவள் நிற்க வேண்டிய இடத்தில் துணியின் பழுப்பு அடிப்பூச்சு, அவள் வடிவத்திலேயே, அப்படியே விடப்பட்டிருந்தது.

தொடக்கம் ஒன்று: மாலை வெயில் குன்றின் தோளில் சாய்ந்து

(வேண்டாம். வெயிலிலேயே மயங்கி நின்றுவிடுவேன்.)

2

இது எப்படி நேர்ந்தது என்று சொல்கிறேன். வெளியில் நின்று வரைபவர்களுக்கு நிழல் ஒரு தலைவலி. அரைமணி நேரத்தில் இடம் மாறிவிடும். அது கறுப்பும் அல்ல. வானத்தின் நீலத்தை வாங்கிக்கொண்டு ஊதாவாகப் படுத்திருக்கும். புகைப்படம் எடுத்தால் அந்த ஊதா செத்துவிடும். அதனால் தன் அக்காவை நிற்க வைத்து, நிழலை முதலில் பிடித்தாள் ஓவியக்காரி. வெளிச்சம் காத்திருக்காது, அக்கா காத்திருப்பாள் என்று நம்பினாள்.

"என்னை எப்ப வரைவ? கால் மரத்துப் போச்சு."

"நாளைக்குப் பார்த்துக்கலாம்க்கா. நீ எங்க ஓடிடப் போற?"

மறுநாள் காலை அக்காவுக்கு வேலை உத்தரவு வந்தது. கடல் தாண்டிய மருத்துவமனையில் செவிலியர் வேலை. இருந்த மூன்று நாளும் பெட்டி கட்டுவதிலேயே போயின. பிறகு பதினோரு வருடம்.

3

(எனக்கும் ஒரு சந்தேகம்: நினைவிலிருந்து வரைந்திருக்கலாமே? கேட்டேன். "நினைவுல இருக்கிற அக்கா என்னையே பார்த்துக்கிட்டிருக்கா. படத்துல அவ குன்றைப் பார்க்கணும்" என்றாள்.)

4

போன வாரம் அக்கா தொலைபேசியில் வந்தாள்.

"வெள்ளிக்கிழமை வர்றேன்டி. நாலே நாள் லீவு. படத்துல என் ஓட்டை இன்னும் அப்படியே இருக்கா?"

"இருக்கு. வந்து நில்லு."

"நான் அதுல நுழைய மாட்டேன். இப்ப ரெண்டு ஆள் அகலம்."

"குன்றைக் கொஞ்சம் நகர்த்திக்கிறேன், வா."

சிரித்தார்கள். பேசி முடித்ததும் ஓவியக்காரி அந்தப் பழுப்பு இடத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

முடிவு அ: அக்கா வந்து நிற்கிறாள். மாதம் வேறு, சூரியன் வேறு இடத்தில். நிழல் மறுபக்கம் விழுகிறது. பொருந்தாத நிழலோடு

முடிவு ஆ: பழைய நிழலின் மேல் புல் வரைந்து மூடிவிட்டு

(முடியாது. பதினோரு வருடம் காத்த நிழலை அழிக்க எனக்குக் கை வரவில்லை.)

5

பாருங்கள், நானும் அதே தவறைத்தான் செய்திருக்கிறேன். நிழலுக்கு இத்தனை வரி எழுதினேன். அக்காவின் முகத்துக்கு ஒன்றுகூட இல்லை. திருத்திக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். அழைப்பு மணி. தங்கை கதவைத் திறக்கிறாள். அக்காவின் இடது புருவத்தில் ஒரு நரை. கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருக்கிறது. கீழுதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கப் பார்க்கிறாள், முடியவில்லை.

"வெளிச்சம் போகுதுடி. போய் நிக்கவா?"

"போனா போகட்டும். நீ இரு."

தங்கை சன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

படம் என்ன ஆனது என்பதை நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். நான் இன்னும் அந்தப் புருவத்திலேயே இருக்கிறேன்.