தெருவுக்கு ஒரு மெட்டு

கொழும்பிலிருந்து புருஷன் மசூது கொண்டுவந்த சாமானைப் பார்த்ததும் சைதூன் பீவிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. கம்பளியைப் பிரித்தால் பித்தளையில் ஒரு வஸ்து. யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்து, உடம்பெல்லாம் பொத்தான் பொத்தானாக இருந்தது.

"இது என்ன, ஹூக்காவா?"

"சாக்சபோன்" என்றான் மசூது, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு.

போகும்போது அவன் கல்யாண ஊர்வலத்தில் கிளாரினெட் வாசிக்கிற ஆள். கொழும்பில் ஒரு பெரிய ஓட்டலில் வெள்ளைக்காரர்கள் ஆடுவதற்கென்றே ஒரு கோஷ்டி வாசித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்த கோவாக்காரர் ஒருவர் இவன் கைவாகைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார். ஓட்டல் கைமாறி கோஷ்டி கலைந்தபோது, தன் பழைய வாத்தியத்தை இவனிடமே கொடுத்துவிட்டுப் போனார். அந்த வாசிப்புக்கு ஜாஸ் என்று பேராம். அதைத் தன் ஊரான தென்காசியில் வாசித்தே தீருவது என்று மசூது கங்கணம் கட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"அது எப்படி இருக்கும்?" என்று கேட்டாள் சைதூன்.

"ஒரு மெட்டு இருக்கும். எல்லாரும் சேந்து அதை வாசிப்போம். பொறவு ஒவ்வொருத்தனா அதைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு இஷ்டத்துக்கு ஊர் சுத்துவான். சுத்திட்டுத் திரும்பக் கொண்டாந்து விட்டுருவான்."

"நல்ல வேலைதான்" என்றாள் சைதூன்.

சொல்லிவைத்தது போல இரண்டு பேர் அவனுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருவன் கீழப்பாவூர் பலவேசம், தவில்காரன். கேட்ட மாத்திரத்தில், "அண்ணே, நானும் வாரேன். சாமி பொறப்பாட்டுக்கு ஒரே மல்லாரிய அடிச்சு அடிச்சுக் கை புளிச்சுப் போச்சு" என்றான். இன்னொருவன் குத்தாலிங்கம். ஊமைப்படம் ஓடின காலத்தில் கூடாரக் கொட்டகையில் படத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவன். படம் பேச ஆரம்பித்ததும் அவன் பெட்டி வாயை மூடிக்கொண்டது. இப்போது தென்காசியில் சைக்கிள் கடை வைத்திருந்தான். கல்யாணம் ஆகவில்லை. பெண்பிள்ளைகள் எதிரே வந்தால் பஞ்சர் பார்க்கிற சாக்கில் குனிந்துகொள்ளும் கூச்சக்காரன்.

மூன்று பேரும் சேர்ந்து தென்காசி ஜாஸ் சங்கம் என்று பலகை எழுதினார்கள். முப்பத்தாறாம் வருஷத்துச் சாரல் ஆனி பிறந்ததும் விழத் தொடங்கியிருந்தது. குத்தாலத்தில் ஒரு மிளகு வியாபாரி, சரக்குப் போய்க் காலியாகக் கிடந்த தன் மூட்டைக் கிட்டங்கியைக் கொடுத்தார். சாரல் முடிகிற வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைதோறும் சாயங்காலம் கச்சேரி என்று தமுக்கு அடித்தாயிற்று.

முதல் ஞாயிறு கிட்டங்கி கொள்ளாத கூட்டம். அருவியில் குளித்து ஈரத்தலையோடு வந்தவர்கள் பாதி, தென்காசியிலிருந்து வண்டி கட்டி வந்தவர்கள் பாதி. மசூது வீடு இருந்த பள்ளிவாசல் தெருப் பெண்கள் உட்கார ஓர் ஓரத்தில் சாக்குப் படுதா கட்டியிருந்தது. சைதூன் அதில் ஒரு ஓட்டை பார்த்து இடம் பிடித்தாள்.

மசூது கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். கொழும்பில் கேட்டது, ஓட்டலில் வாசித்தது, கோவாக்காரர் சொல்லிக் கொடுத்தது எல்லாம் வந்தது. தவில் எங்கெங்கோ போய்விட்டு வந்தது. ஆர்மோனியம் ஓடிக்கொண்டேயிருந்தது. தரையில் தங்கிப்போன மிளகுத்தூள் காற்றில் எழும்ப, கூட்டத்தில் ஒருவர் தும்ம, அவரைத் தொட்டு அடுத்தவர் தும்ம, அதுவும் ஒரு தாளமாகப் போய்க்கொண்டிருந்தது.

முன்வரிசையில் சங்கரசுப்பிரமணிய ஐயர் உட்கார்ந்திருந்தார். வக்கீல். ஊரில் எந்தக் கச்சேரி என்றாலும் தலையாட்ட முதல் ஆள் அவர்தான். வெகுநேரம் பொறுமையாகக் கேட்டார். ஓர் இடத்தில் மசூது மூச்சு வாங்க நிறுத்தியபோது, மெள்ள முன்னால் சாய்ந்து, நல்ல மனசோடுதான் கேட்டார்:

"ஏம்ப்பா மசூது, சுருதி சேர்த்தாச்சோல்லியோ? எப்போ ஆரம்பிக்கப் போறே?"

கிட்டங்கி கொல்லென்று சிரித்தது. படுதாவுக்குப் பின்னால் சைதூனும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் ஓட்டை வழியாக மசூதுவின் முகத்தைப் பார்த்தாள். அவனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் காது ரெண்டும் சிவந்திருந்தன.

அடுத்த ஞாயிறு கூட்டம் கால்வாசியாயிற்று. வந்தவர்களும் மழைக்கு ஒதுங்கியவர்கள்தான்.

அன்றைக்கு மூன்று பேரும் மசூது வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள்.  பலவேசம் சோற்றில் குழி பறித்துக்கொண்டே இருந்தான். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த சைதூனுக்குப் பொறுக்கவில்லை.

"இந்தாருங்க" என்றாள். "நான் ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"நீங்க வாசிச்சதுல எனக்கு ஒரு எழவும் புரியலை."

குத்தாலிங்கம் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். மசூது நிமிர்ந்து பார்த்தான்.

"மெட்டைக் கூட்டிட்டு ஊர் சுத்துதோம்னு சொன்னீக. சரி. ஆனா கூட்டிட்டுப் போற பிள்ளை யாரு பிள்ளைன்னு எங்களுக்குத் தெரியலையே. தெரிஞ்ச வீட்டுப் பிள்ளையா இருந்தால்லா, எங்க போகுது, யாரோட போகுது, எப்ப வீடு திரும்பும்னு மனசு பின்னாலயே ஓடும்?"

பலவேசத்தின் கை நின்றது. "மயினி சொல்லுதது வாஸ்தவம்லா, அண்ணே."

"கோயில்ல திருவிழாவுக்கு என்ன செய்தாக?" என்று சைதூன் தொடர்ந்தாள். "ஒவ்வொரு நாளும் ஒரு தெருக்காரங்க மண்டகப்படி. அன்னைக்கு விளக்கு அவுகளது, பானக்கம் அவுகளது, சாமியே அவுகளது மாதிரில்லா நிப்பாக. அதுமாதிரி இதையும் தெருத்தெருவாக் கொடுத்துருங்க. விளக்கும் காப்பியும் மெட்டும் அவுக கொடுக்கட்டும். ஊர் சுத்துத வேலைய மட்டும் நீங்க பாருங்க."

 மசூது எச்சில் கையோடு எழுந்து, "ஏ குத்தாலிங்கம், சைக்கிள எடுலே" என்றான்.

முதல் மண்டகப்படி ஜட்காக்காரர்களுக்கு. அவர்களுக்கு என்ன மெட்டுத் தெரியும் என்று ஊரே கேலி பேசியது. அவர்களோ குத்தாலம் மேட்டில் குதிரை திணறும்போது அதற்குப் பாடுகிற ஒரு இழுவையைக் கொண்டுவந்தார்கள். மசூது அதை அப்படியே சாக்சபோனில் இழுத்தான். வெளியே மழையில் நின்றிருந்த குதிரை ஒன்று அதைக் கேட்டு வண்டியோடு நடக்க ஆரம்பித்துவிட்டது. வண்டிக்காரர் பின்னால் ஓட, பலவேசம் அந்தக் குளம்புச் சத்தத்துக்கே தவிலை வைத்துக்கொண்டு போனான். ஜனம் எழுந்து நின்று கூப்பாடு போட்டது.

அதன்பிறகு யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. புளியங்குடி எலுமிச்சங்காய்க் கமிஷன் கடைக்காரர்கள் லாரியில் வந்து இறங்கினார்கள். ஏலம் கூவுகிறவரை மேடையேற்றிக் கூவ விட்டார்கள். குத்தாலிங்கத்தின் ஆர்மோனியம் அவருக்குப் போட்டியாக விலை ஏற்றியது. வந்தவர்களுக்கெல்லாம் எலுமிச்சம்பழச் சர்பத்து. ஆய்க்குடியிலிருந்து காவடிச் சிந்து வந்தது. சங்கரசுப்பிரமணிய ஐயருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "எங்க அக்ரஹாரத்தை மட்டும் விட்டுட்டா எப்படி?" என்று அவரே கேட்டு வாங்கி, கல்யாண ஊஞ்சல் பாட்டு ஒன்றைத் தானே பாடிக் காட்டினார். மேலே போகிற இடத்தில் குரல் பிசிறடித்தது. மசூது அந்தப் பிசிறையும் விடாமல் வாசித்தான். ஐயரே விழுந்து விழுந்து சிரித்தார்.

ஆடி கடைசி ஞாயிறு பள்ளிவாசல் தெருவின் முறை.

என்ன மெட்டுக் கொடுப்பது என்று ஆம்பிளைகள் கூடிப் பேசினார்கள். ஒன்றும் தேறவில்லை. பெண்கள் கூடினபோது பேச்சே வேண்டியிருக்கவில்லை. கல்யாணத்தில் மாப்பிள்ளை முதல் விருந்துக்கு வந்து சகன் என்கிற பெரிய தாம்பாளத்துக்கு முன்னால் உட்காரும்போது, உள்கட்டில் இருந்தபடி பெண்கள் அவரைக் கேலி செய்து பாடுவார்களே, அதுதான். சைதூன் கல்யாணத்தில் மசூதுவுக்குப் பாடின அதே பாட்டு.

ஆனால் பாட்டு பெண்களுக்குத்தான் தெரியும். வெளி ஆம்பிளைகள் முன்னால் அவர்கள் பாடின வழக்கமில்லை. சைதூன் வீட்டிலேயே மசூதுவுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று.

அங்கேதான் சிக்கல். உலகத்து மெட்டையெல்லாம் ஒரு தடவை கேட்டுப் பிடிக்கிற மசூதுவுக்கு இது மட்டும் வசப்படவில்லை. இரண்டாவது அடி ஏறவேண்டிய இடத்தில் அவன் இறங்கினான். சைதூன் முனகிக் காட்டினாள், விரலால் ஏற்றிக் காட்டினாள், கரண்டியால் மிரட்டியும் பார்த்தாள்.

"உங்க கல்யாணத்துல உங்களப் பாத்துப் பாடுனதுதானே? காதுல விழலையா?"

"அன்னைக்கு எனக்கு எங்கட்டி காது கேட்டுது? சோறு எது, சகன் எதுன்னே தெரியலை. தலையக் குனிஞ்சவன்தான்."

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. கிட்டங்கிக் கதவுகளைக் கழற்றி வைத்தும் போதாமல் ஜனம் சாரலில் குடை பிடித்து நின்றது. பள்ளிவாசல் தெருவின் செலவில் இஞ்சி போட்ட தேயிலையும் வட்டிலப்பமும். படுதாவுக்குப் பின்னால் தெருவே வந்திருந்தது.

மசூது ஆரம்பித்தான். முதல் அடி அழகாக வந்தது. இரண்டாவது அடி, வழக்கம்போல, இறங்கிற்று.

படுதா முணுமுணுத்தது. மறுபடி வாசித்தான். மறுபடி இறங்கிற்று. சைதூனுக்குக் கால் பரபரத்தது. மூன்றாவது தடவையும் அவன் இறங்கினபோது, தன்னை அறியாமல் அவள் வாயிலிருந்து வந்துவிட்டது:

"தப்பு!"

தவில் நின்றது. கூட்டம் அத்தனையும் படுதாவைப் பார்த்தது.  மசூது வாத்தியத்தை இறக்கிவிட்டுப் படுதாப் பக்கம் திரும்பினான்.

"தப்புதான். எனக்கு வரலை. எப்படின்னு நீங்களே சொல்லுங்க."

  சைதூன் பக்கத்துப் பெண்களைப் பார்த்தாள். அவர்கள் அவளைப் பார்த்தார்கள். ஒருத்தி இடுப்பில் இடித்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, பாதிக் குரலில் ஆரம்பித்தாள்:

"சகன் நெறைய சோறு வச்சோம், வாங்க மாப்பிள்ளே,
வாய் தொறந்து பேச மட்டும் வெக்கமா மாப்பிள்ளே?"

இரண்டாவது அடி ஏறின இடத்தில் இன்னும் நாலு குரல் சேர்ந்துகொண்டது. அடுத்த சுற்றுக்குத் தெருவே சேர்ந்தது. முடிவில் குலவை கிளம்பியபோது கிட்டங்கிக் கூரை அதிர்ந்தது. பலவேசம் தவிலைத் தட்டிக்கொண்டே, "ஏய், இதுல்லா தாளம்!" என்று கத்தினான். பாட்டில் கேலிக்கு ஆளான மாப்பிள்ளை யார் என்பது கூட்டத்துக்குப் புரிந்ததும் சிரிப்பு அலையலையாக எழுந்தது. மசூதுவின் காதுகள் சிவந்தன. ஆனால் இந்தத் தடவை அந்தச் சிவப்பே வேறு. சாக்சபோனை எடுத்தான். இரண்டாவது அடியில் ஏறினான். ஏறினவன் இறங்காமல் அருவி விழும் உச்சிக்கே போய்விட்டான்.

அவன் மெட்டைத் திரும்பக் கொண்டுவந்து விட்டதும் சைதூனுக்கு ஏதோ வந்துவிட்டது. அதே மெட்டு, ஆனால் யாரும் இதுவரை பாடாத வரி. இப்போது முழுக் குரலில்:

"ஆர்மோனியப் பெட்டிக்காரருக்கு ஆருமில்லையா?
ஐந்தருவிச் சீமையில ஒரு பொண்ணுமில்லையா?"

கூட்டம் வெடித்தது. குத்தாலிங்கம் ஆர்மோனியத்துக்குள்ளேயே நுழைந்துவிடப் பார்த்தான். பிறகு என்ன தோன்றிற்றோ, தலையை நிமிர்த்தி, அந்த ஏற்றத்தைப் பிடித்து ஒரு வாசிப்பு வாசித்தான் பாருங்கள், ஊமைப்படத்துக்கும் அவன் அப்படி வாசித்ததில்லை. படுதாவின் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு வரி, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பதில் என்று வெகுநேரம் போயிற்று. பலவேசத்தின் தொந்திக்கு ஒரு வரி. ஐயருடைய குடைக்கு ஒன்று. ஐயர், "எனக்கு இன்னொண்ணு பாடச் சொல்லுங்கோ!" என்று எழுந்து நின்று கேட்டார்.

வீட்டுக்கு வண்டியில் திரும்பும்போது சைதூன் கேட்டாள். "நெசத்தைச் சொல்லுங்க. எங்களப் பாட வைக்கணும்னே தப்பா வாசிச்சீகளா?"

"அல்லா அறிய இல்லைட்டி. நெசமாவே வரலை" என்றான் மசூது. கொஞ்சதூரம் போனபிறகு, "அந்த ஆர்மோனிய வரி நீயா கட்டினது?" என்றான்.

"தானா வந்துச்சு."

"அதுதான் ஜாஸ்" என்றான்.  வண்டியின் ஆட்டத்தில் அவள் தோளில் வந்து மோதின அவன் தோள் விலகவில்லை.

மறுநாள் காலையில் குத்தாலிங்கத்தின் சைக்கிள் கடை வாசலில் புளியங்குடிக் கமிஷன் கடைக்காரர் ஒருவர் வந்து நின்றார். சக்கரம் எதுவும் கொண்டுவரவில்லை. "தம்பி, நேத்து அந்தப் பொம்பிளையாளுக பாடுனது நெசந்தானா? உமக்கு ஆருமில்லையா?" என்று விசாரித்தார். அவருக்கு இராமலட்சுமி என்று ஒரு மகள். குத்தாலிங்கம் பஞ்சர் பார்க்கக் குனிந்தான். பதிலைப் பக்கத்திலிருந்த பலவேசம் சொன்னான்.

ஆவணியில் புளியங்குடியில் கல்யாணம். மேளம் பலவேசத்தின் பொறுப்பு. மசூது மணப்பந்தலில் வாசித்தான். சைதூனையும் தெருப் பெண்களையும் அழைத்துவர எலுமிச்சங்காய் லாரியே வந்தது. மூட்டைகளுக்கு நடுவே ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்து, புளியங்குடி ரஸ்தா நெடுக அவர்கள் மாப்பிள்ளைக்குப் புது வரிகள் கட்டிக்கொண்டே போனார்கள்.