பூஞ்சைச் சோறும் முதல் விதையும்

மழை விழுந்து நான்கு நாளாகிவிட்டது. ஊரெல்லாம் மக்காச்சோளம் ஊன்றுகிறது. அக்கோத்தின் நிலம் மட்டும் சும்மா கிடந்தது. ஊருக்கே பூஞ்சைச் சோறு ஆக்கிக் கொடுத்தவள் அவள்தான். வயிறு எரிய இதைவிட வேறென்ன வேண்டும்?

மக்காச்சோளத்தின் வேரை உறிஞ்சிக் கொல்லும், ஊதாவாய்ப் பூக்கும் சுடுமல்லிக் களைக்கு எமன் ஒரு பூஞ்சை. கிசுமு நகரத்து ஆய்வகத்திலிருந்து அதைப் பல் குத்தும் குச்சியில் ஏற்றி அனுப்புவார்கள். அக்கோத் உப்பில்லாமல் அரிசியை வேகவைத்து, ஆறவிட்டு, குச்சியைப் போட்டு, மூடிக் குலுக்கிவைப்பாள். மூன்றாம் நாள் சோற்றில் வெள்ளையாய்ப் பஞ்சு பூக்கும். குழிக்கு ஒரு சிட்டிகை, மேலே விதை. ஐந்து நாள் தாண்டினால் வேறு பூசணம் ஏறிப் பாழாகிவிடும். புதுக் குச்சி இனி அடுத்த பருவத்துக்குத்தான்.

இருபத்திரண்டு பேர் வாங்கிப் போனது போக அவள் பங்குக்கு ஒரு டப்பா இருந்தது. அவளுடைய அரை ஏக்கருக்குச் சரியாகப் போதும். மூன்று வருடமாய் சுடுமல்லி தின்ற மிச்சத்தில்தான் பிழைப்பு. இந்த வருடமாவது உகாலிக் களி கிண்ட அடுத்த வீட்டில் மாவுக்குக் கையேந்தக் கூடாது.

ஆனால் ஊர் வழக்கப்படி, மாமியார் ரிஸ்பா தன் வயலில் முதல் விதை போடாமல் மருமகள் விதைக்கக் கூடாது. மீறினால் சீரா என்னும் சாபம் பிடிக்கும், பிள்ளைகள் உருகிச் சாவார்கள். ரிஸ்பாவோ முட்டி வலி என்று வாசலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

சோறு ஆக்கிய ஐந்தாம் நாள் காலையில் அக்கோத் பொறுக்கமாட்டாமல் அவள் முன்னால் போய் நின்றாள்.

"அத்தை, ஒரே ஒரு குழி. நானே தோண்டித் தர்றேன். நீங்க விதைய மட்டும் போடுங்க."

"ஒரு குழி போட்டா அது விதைப்பாடி? கோழி கிளறின மாதிரி இருக்கும்."

"அப்ப முட்டி வலி?"

"வலி முட்டியில இல்ல. ஓமொலோ பொண்டாட்டிக்குக் கொடுத்த, மீன்காரிக்குக் கொடுத்த. 'அத்தை, உங்களுக்கு வேணுமா'ன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"ஊசிப்போன சோத்த வயல்ல போடுற பைத்தியக்காரின்னு போன வருஷம் சர்ச்சுல எல்லார் முன்னாடியும் சிரிச்சது யாரு?"

"சிரிச்சேன். என் வயலும்தான் ஊதாவாப் பூத்துச்சு. டப்பாவ எடுத்துட்டு வா."

"பாதி தர்றேன்."

"முதல் விதைய அரைகுறையா விதைச்சா வீட்டுக்கே ஆகாது. உனக்குத் தெரியாதா?"

தெரியும். தெரிந்ததுதான் எரிச்சல்.

மதியத்துக்குள் ரிஸ்பாவின் வயல் முடிந்தது. அக்கோத் குழி தோண்டத் தோண்ட, கிழவி ஒரு பருக்கை சிந்தாமல் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டுக்கொண்டே வந்தாள். அந்த நேர்த்தியைப் பார்க்கப் பார்க்க அக்கோத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போ, இனி நீ விதைக்கலாம்," என்றாள் ரிஸ்பா, கையைத் தட்டியபடி.

அக்கோத் தன் நிலத்துக்குப் போய், டப்பாவின் அடியில் ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டினாள். ஏழு குழிக்கு வந்தது. எட்டாவதில் வெறும் விதையைப் போட்டு மூடினாள். அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே ஒன்பதாவதைத் தோண்டினாள்.