சங்கீதம் வராதென்ற வீடு

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை என்பதால், கூட வேலை செய்பவர்கள் அவளைப் ‘பவர்’ என்றே கூப்பிடுவார்கள். வயலினை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. காதால் கேட்டு, விரலால் தடவித் தடவி, இருபத்தைந்து வருடமாகத் தானே பழகியது.

நாற்பத்தொன்றாவது வயதில் முறையாகக் கற்றுக்கொள்ள ஆசை வந்தது. பெரியவர்களையும் சேர்த்துக்கொள்ளும் டீச்சர் அந்தப் பக்கத்தில் ஒருவர்தான். பதினோரு வயதில் அக்காவோடு போன அதே வீடு. “நமக்கு ரெண்டு பேருக்குமே சங்கீதம் வராதாம்” என்று அன்று வாசலில் வைத்து அக்கா சொன்னது இன்னும் காதில் இருந்தது. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு படியேறினாள்.

டீச்சர் கொஞ்சம் வாசிக்கச் சொன்னார். பிறகு அவள் இடது மணிக்கட்டைப் பிடித்து நிமிர்த்தினார்.

“காது சுத்தமா இருக்கு. கைதான் கோணலா பழகிடுச்சு. இதைச் சரி பண்ணவே ரெண்டு வருஷம் ஆகும். சின்ன வயசுலயே வந்திருக்கக் கூடாதா?”

“வந்தேனே டீச்சர், எங்க அக்காவோட. நீங்கதான் வராதுன்னுட்டீங்க.”

டீச்சர் அவளை உற்றுப் பார்த்தார். “நீயா அது? இந்த மாதிரிக் காதை நாலஞ்சு பேர்கிட்டதான் பார்த்திருக்கேன், மறக்குமா? நீ செருப்பு மாட்டப் போனதும், சின்னவளை நாளைக்கே அனுப்பி வைன்னு உங்க அக்காகிட்ட சொன்னேனே! மறுவாரம் அவளே வந்து, தங்கச்சிக்கு இஷ்டமில்லையாம்னு சொல்லிட்டுப் போனா.”

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் சொன்னதைக் கேட்டதும் கையிலிருந்த சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

“உன்னை மட்டும்தான் கூப்பிட்டாங்க. நீ வழி பூரா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதே. உண்மை வாய் வரைக்கும் வந்துச்சுடி.”

“அன்னிக்கு வாய் வரல, சரி. மறுவாரம் அவ்வளவு தூரம் நடந்து போய்ப் பொய் சொல்லியிருக்கியே!”

“அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அதான் முதல் சம்பளத்துல உனக்கு வயலின் வாங்கித் தந்தேன்.”

அந்த வயலினைக் காட்டித்தான் இத்தனை வருடமும் அக்காவைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறாள். கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே சிரித்தபடி நின்றிருக்கிறாள் அக்கா.

“நீயாவே நல்லா கத்துக்கிட்டே. இப்ப என்ன குறைஞ்சு போச்சு?” என்றாள் அக்கா.

“அது உனக்குத் தெரியாது. இனிமே எனக்கும் தெரியப் போறதில்லை.”

சனிக்கிழமை வகுப்பில் ஒரு மணி நேரம் ஒரே தந்தியில் வில்லை இழுக்க வைத்தார் டீச்சர். வெளியே வந்து பார்த்தபோது அக்கா மூன்று முறை போன் செய்திருந்தாள். அவள் திரும்பக் கூப்பிடவில்லை. அடுத்த வாரமும் கூப்பிடவில்லை.