மலர்ந்த முகத்துடன்

நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் உதவியாளருக்கு வாசகர்கள் வைத்திருந்த பெயர் ‘அப்டேட்’. கைப்பேசியில் புதிதாக எது வந்தாலும் அவருக்கு உடனே இறக்கிப் பார்த்தாக வேண்டும். பார்த்த பிறகு அடுத்தவருக்குக் காட்டியாக வேண்டும். அன்று காலையும் நூலகர் தன் பையைக் கீழே வைப்பதற்குள் கைப்பேசியை நீட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றார்.

“மேடம், புது அப்டேட் ஒரு வழியா இறங்கிடுச்சு. ஐகான் எல்லாம் உருண்டையாயிடுச்சு பாருங்க. பேட்டரியத்தான் தண்ணியா குடிக்குது. ஆனா புது ஆப் ஒண்ணொண்ணும் சும்மா சொல்லக்கூடாது. இது நாம ஒரு நாளைக்கு எவ்வளவு பேசறோம்னு அளக்குமாம்.”

நூலகர் பையை வைத்துவிட்டுப் பதிவேட்டைப் பிரித்தாள். அவர் விடவில்லை. “உங்க மேஜையிலயே கொஞ்ச நேரம் இருக்கட்டும் மேடம்” என்று வைத்துவிட்டுப் போனார். வெகுநேரம் கழித்து அது தானாக ஒளிர்ந்தது. ‘இன்று உங்கள் பேச்சு மிகக் குறைவு. ஒரு நண்பரை அழைக்கலாமே?’ அவள் அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

அவளுக்குப் பேச்சு தேவைப்பட்டதே இல்லை. பார்வை போதும். வாசிப்பறையில் யாராவது குரலை உயர்த்தினால் தலையை நிமிர்த்துவாள், அவ்வளவுதான். பேசியவர் பாதிச் சொல்லை விழுங்கிவிடுவார். அந்த அறையின் அமைதி விளிம்புவரை நிரம்பிய பாத்திரம் போல அவள் பொறுப்பில் இருந்தது. மின்விசிறி சுற்றும் ஓசை, தாள் புரளும் ஓசை, எங்கோ ஒரு நாற்காலியின் முனகல். வீட்டில் கிடைக்காத ஒன்றைத் தேடி இங்கே வருகிறவர்கள் உண்டு என்று அவளுக்குத் தெரியும். அவளே அப்படி வந்தவள்தான்.

தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்ததும் அதே வாரத்தில்தான். எல்லாக் கிளைகளிலும் ஊழியர்களின் படத்தை வாசலில் மாட்ட வேண்டும். எல்லோரும் ‘மலர்ந்த முகத்துடன்’ இருக்க வேண்டும். அந்த இரண்டு சொற்களுக்கும் யாரோ சிரத்தையாக அடிக்கோடு போட்டிருந்தார்கள்.

அப்டேட்டுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவளையும் பெருக்கித் துடைக்கும் அக்காவையும் வாசலில் நிற்க வைத்து, கைப்பேசியை எதிர்ச்சுவரில் சாய்த்துவிட்டு ஓடிவந்து தானும் நின்றுகொண்டார். அக்கா சிரித்தாள். அப்டேட் காது வரை சிரித்தார். அவள் எப்போதும் போல நின்றாள்.

மறுநாள் காலை படம் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தது. அவள் அதன் முன் நின்றாள்.

“நடுவுல யாரு இது?”

“நீங்கதான் மேடம்.”

“நான் சிரிக்கவே இல்லையே.”

“ஆமா மேடம், நீங்க சிரிக்கல. போன் சிரிச்சிருக்கு. புது கேமரா ஆப். யாராவது உம்முனு இருந்தா அதுவே பாத்து மலர வச்சிடுது.”

படத்தில் இருந்தவள் பக்கத்து வீட்டுக்குக் கிண்ணம் நிறைய ஏதோ கொண்டுபோய்க் கொடுப்பவள் போல இருந்தாள். அவ்வளவு இளகிய சிரிப்பு.

முதலில் பார்த்தவர் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். பேருந்தின் முன்படியிலிருந்து கடைசி இருக்கைவரை எட்டும் குரல் அவருக்கு. செய்தித்தாளை வாய்விட்டுத்தான் படிப்பார். அவள் வந்த நாளிலிருந்து உதடு மட்டும் அசையும், சத்தம் வராது. படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

“என்னம்மா நீ, உள்ளுக்குள்ள இப்படித் தங்கமான மனச வச்சுக்கிட்டா எங்கள இத்தனை வருஷமா மிரட்டிக்கிட்டிருந்த?”

போய் உட்கார்ந்து முதல் பக்கத்தைப் பிரித்து, தலைப்பை உரக்க வாசித்தார். அவள் தலையை நிமிர்த்தினாள். அவர் அவளைப் பார்த்துக் கையாட்டினார்.

“முறைச்சுக்கோம்மா, முறைச்சுக்கோ. எங்களுக்குத் தெரியும்.”

வாரம் முடிவதற்குள் பாத்திரம் கவிழ்ந்துவிட்டது. அகராதி அலமாரியடியில் இரண்டு பெண்கள் மொறுமொறுவென்று எதையோ கொறித்தார்கள். ஒருவர் கைப்பேசியில், “சும்மா லைப்ரரிலதான் இருக்கேன், நீ சொல்லு” என்று கதைகேட்க ஆரம்பித்தார். நடத்துநர் விளையாட்டுப் பக்கத்துக்கு வந்துவிட்டால் அக்கம்பக்கத்தில் கைதட்டல்கூடக் கேட்டது. மூலை ஜன்னலோரம் தினமும் வந்து தடித்த நாவல் படிக்கும் செவிலிப்பெண், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போனவள், மறுநாள் வரவில்லை. அந்த வெற்று நாற்காலியைத்தான் நூலகரால் தாங்க முடியவில்லை.

அக்கா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு சொன்னாள். “அவங்களுக்குக் குளிர் விட்டுப்போச்சும்மா. இனிமே நீ முறைச்சாலும் கொஞ்சற மாதிரிதான் தெரியும்.”

அப்டேட் படத்தை வாசகர் குழுவிலும் போட்டிருந்தார். அது ஊரெல்லாம் சுற்றி நூலகரின் நாத்தனார் கைக்குப் போய், அவள் போனில் கூப்பிட்டாள்.

“அண்ணி! உங்க கல்யாண ஆல்பம் மொத்தமும் புரட்டிப் பாத்துட்டேன், இப்படி ஒரு சிரிப்பு அதுல இல்ல. எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க? லீவுக்குப் பசங்க மூணு பேரையும் உங்ககிட்டயே அனுப்பிடறேன். அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்.”

அவள் கைப்பேசியை வைத்துவிட்டு நேரே அப்டேட்டிடம் போனாள். “படத்தைக் கழட்டுங்க.”

“தலைமை ஆபீஸ் உத்தரவு மேடம்.”

“வேற எடுத்து மாட்டுங்க.”

“மலர்ந்திருக்கணுமே மேடம். தப்பா நினைக்காதீங்க, நீங்க நேர்ல...” மீதியை அவர் விழுங்கிக்கொண்டார். பார்வை அவரிடம் மட்டும் இன்னும் வேலை செய்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாசிப்பறை காலியாக இருந்தபோது அவள் ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். ‘மலர்ந்த’ என்று சொன்னவர்கள் எவ்வளவு மலர வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த எண்ணம் வந்ததும் எழுந்தாள்.

“அந்த ஆப்பைக் காட்டுங்க.”

அப்டேட்டுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. வாழ்நாளில் முதன்முறையாக மேடம் ஒரு புதுச் செயலியைத் தானாகக் கேட்கிறார். படத்தின் அடியில் ஒரு கோடு, அதன்மேல் நகரும் புள்ளி. “இதாங்க மலர்ச்சி. அதுவா கால்வாசிதான் வச்சிருந்துச்சு.”

அவள் விரலால் புள்ளியை நகர்த்தினாள். பாதியில், கல்யாண வீட்டு வாசலில் நின்று எல்லோரையும் சாப்பிட அழைப்பவளாக ஆனாள். முக்கால்வாசியில், தவணைக்கு எதையோ தலையில் கட்ட வந்தவள். அதையும் தாண்டித் தள்ளினாள். உதடுகள் விலகிக்கொண்டே போயின. பற்கள் வந்தன, அவளுக்கு இல்லாத பற்களும் வந்தன. கண்கள் மட்டும் மாறவில்லை. அவை அவளுடையவை. அந்தப் பழைய பார்வை, அத்தனை பற்களுக்கு மேலே உட்கார்ந்து நேராகப் பார்த்தது.

“மேடம்... வேணாம் மேடம்” என்றார் அப்டேட், ஓரடி பின்னால் நகர்ந்து.

‘மிகையான மலர்ச்சி. தொடரலாமா?’ என்று கைப்பேசியே தயங்கிக் கேட்டது. அவள் ‘ஆம்’ என்பதை அழுத்தினாள். “பெரிய சைஸ்ல பிரின்ட் போடுங்க. உத்தரவு உத்தரவுதானே.”

மறுநாள் காலை அக்கா உள்ளே வந்ததும் வராததுமாகச் சொன்னாள். “படத்துக் கண்ணாடியக் கண்ண மூடிக்கிட்டேதான் துடைச்சேன்மா. பக்கத்துல நான் வேற சிரிச்சிக்கிட்டு நிக்கிறேன், கூட்டுக்களவாணி மாதிரி.”

நடத்துநர் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. சுவரோரமாகவே நடந்து வந்து உட்கார்ந்து, செய்தித்தாளைச் சத்தமில்லாமல் பிரித்தார். உதடுகூட அசையவில்லை. பின்னால் வந்த பெண்கள் தின்பண்டப் பொட்டலத்தைப் பைக்குள்ளேயே திணித்துக்கொண்டார்கள். மின்விசிறியின் ஓசை கேட்டது. தாள் புரளும் ஓசை கேட்டது. நாலைந்து நாளில் செவிலிப்பெண்ணும் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து, விட்ட பக்கத்தைத் தேடினாள்.

அன்று நாத்தனாரிடமிருந்து செய்தி வந்தது. ‘அண்ணி, புதுப் படம் பாத்தோம். சின்னவன் அழுதுட்டான். பசங்க இந்தத் தடவை அவங்க பெரியப்பா வீட்டுக்கே போறாங்களாம். தப்பா நினைச்சுக்காதீங்க.’

அவளுக்குள்ளிருந்து என்னவோ கிளம்பி மேலே வந்தது. அவசரமாக எழுந்து கலைக்களஞ்சிய அலமாரிக்குப் பின்னால் போய், முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கிற்று. அவள் சாய்ந்திருந்த அலமாரியும் சேர்ந்து குலுங்கிற்று.

அலமாரி ஆடுவதைப் பார்த்து ஓடிவந்த அப்டேட், இடுக்கு வழியாக எட்டிப் பார்த்துத் திகைத்து நின்றார். மேடம் சிரித்துக்கொண்டிருந்தார். கை தானாகச் சட்டைப்பையிலிருந்த கைப்பேசிக்குப் போனது.

அவள் தலையை நிமிர்த்தினாள்.

கைப்பேசி பைக்குள்ளேயே இறங்கியது.