பேச்சைக் குடித்த ட்ராக்டர்

ஹம் என்ற குளிர்நாட்டு நகருக்கு வெளியே, ரயில் பாதைக்கு அப்பால் உள்ள வயலில், தம்பித்துரையின் பழைய ட்ராக்டர் நின்றுபோகும் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் நிற்பவர்களின் பேச்சைக் குடித்துவிடும். வாய் அசையும், சத்தம் வராது. கொஞ்ச நேரம் ஓய்ந்து கிடந்துவிட்டு ட்ராக்டர் திரும்பக் கிளம்பும்போது குரலும் திரும்பி வரும். இடையில் சொன்னது மட்டும் போனது போனதுதான். கீரைக்கும் பூசணிக்கும் வருகிற கடைக்காரி கலாதேவி இதைத் தெரிந்துகொண்ட பிறகு, வரம்பில் நின்று பேச்சையெல்லாம் முடித்துவிட்டுத்தான் கிட்டப் போவார். தபால்காரப் பெண் கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவாள். ஒருவரும் இதைப் பெரிதாக எடுக்கவில்லை.

பெரிதாக எடுத்தவர் தம்பித்துரையின் மனைவி சுந்தரேஸ்வரி ஒருவர்தான். முதியோர் இல்லமொன்றில் பிறருடைய பெற்றோரைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போன பிறகு, இனித் தனக்கென்று ஒன்று வேண்டும் என்று அவர் குத்தகைக்கு எடுத்த நிலம் அது. நிலத்துக்குச் சொந்தக்காரரான பேனாட் என்ற கிழவர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார். உறைபனி விழுமுன் உழுது முடித்தால் அடுத்த வருடமும் நிலம் அவர்களுக்கு. முடிக்காவிட்டால் பக்கத்துச் சோளக்காரனுக்கு. ட்ராக்டரை ஓட்டுவது சுந்தரேஸ்வரி, பழுது பார்ப்பது தம்பித்துரை. கம்பித் தொழிற்சாலையில் வேலை செய்தவர் என்பதால் தனக்கு இயந்திரம் தெரியும் என்று அவருக்கு எண்ணம். டீசல் வடிகட்டியை மாற்றினார். பம்பை மாற்றினார். குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் பிறகு ட்ராக்டர் ஒழுங்காகக் கிளம்பி, நாலைந்து உழவுச் சால் ஓடி, இருமி, நின்றது. இப்படியே மூன்று இலையுதிர்காலம். போன இரண்டு தடவையும் பேனாட் மனம் இரங்கி, தன் சொந்த ட்ராக்டரைக் கொண்டுவந்து மிச்சத்தை உழுது கொடுத்தார். மூன்றாம் தடவை அவருக்கும் அலுத்துவிட்டது.

இருவரும் சண்டை பிடிக்க வயலை விட்டால் வேறு இடமில்லை. மாடி வீட்டில் குரல் கொஞ்சம் உயர்ந்தாலே கீழ்வீட்டு மனிதர் விளக்குமாற்றுத் தடியால் தன் வீட்டுக் கூரையில் இடிப்பார். அதனால் ஏச வேண்டியதையெல்லாம் வயலுக்குப் போய் ஏசினார்கள். ட்ராக்டர் நின்றவுடன் கோபம் வரும், கோபம் வந்த இடத்தில் குரல் இருக்காது. சுந்தரேஸ்வரி தொண்டை நோக நோக ஏசிவிட்டு, ஒரு சொல்லும் போய்ச் சேராமல் வீட்டுக்கு வருவார். கேட்கப்படாத ஏச்சு குறைவதில்லை. அது அவருக்குள்ளே கிடந்து புளித்தது. சோறு போடும் அகப்பையில் தெரிந்தது, கதவு சாத்தும் விதத்தில் தெரிந்தது.

அந்த வருடம் ஆயுதபூசை முடிந்து சில வாரத்தில், பாதி உழுத வயலில் ட்ராக்டர் திரும்பவும் நின்றது. வானம் வெளித்துக் குளிர் இறங்கிக்கொண்டிருந்தது. சுந்தரேஸ்வரி இறங்கி, டீசல் ஊற்றினீர்களா என்று கேட்டார். தம்பித்துரை ஊற்றினேன் என்றார். கேள்வியும் காதில் விழவில்லை, பதிலும் விழவில்லை. அசைகிற அவர் வாயைப் பார்க்கப் பார்க்க சுந்தரேஸ்வரிக்குப் பத்திக்கொண்டு வந்தது. தானே பார்க்கலாம் என்று எட்டி டீசல் தாங்கியின் மூடியைப் பிடித்துத் திருகினார்.

வழக்கமாக அந்த மூடியைக் காலையில், கொட்டிலில், ட்ராக்டர் ஆறிக் கிடக்கும்போது தம்பித்துரைதான் திறப்பார். மூச்சுத் திணறுகிற நேரத்தில் அதுவரை ஒருவரும் திறந்ததில்லை. தாங்கி நீளமாக ஒரு மூச்சை உள்ளே இழுத்தது. பிறகு குடித்ததையெல்லாம் வெளியே விட்டது.

"இதை வாங்கேக்க ஆரைக் கேட்டனீங்கள்?"

"நீரும் வந்து ஏறி இருந்து பாத்தனீர்தானே."

"நான் சீற்றைப் பாத்தனான். எஞ்சினைப் பாக்கிறது உங்கட வேலை."

"பில்டர் மாத்தியாச்சு, பம்ப் மாத்தியாச்சு. இனி என்னை மாத்தினால்தான் உண்டு."

"உங்களுக்கு எங்க போய் சாமான் எடுக்கிறது? கொம்பனியே மூடிப் போட்டான்."

குரல்கள் தாங்கி வாயிலிருந்து வரிசையாக வந்தன. இருவரும் தங்கள் சண்டையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்கள். முதல் வருடத்துத் தம்பித்துரை நக்கலாகச் சொன்னார்: "மூடியில இப்பிடிச் சந்தனத்தை அப்பி வைச்சால் அதுவும் பாவம் எப்பிடி மூச்சு விடும்?"

சுந்தரேஸ்வரி கையிலிருந்த மூடியைப் பார்த்தார். ஆயுதபூசைக்கு ஆயுதபூசை அவர் வைத்த பொட்டு, ஒன்றின்மேல் ஒன்றாகக் காய்ந்து, நடுவில் இருந்த காற்றுத் துளையைச் சீமெந்து போல் அடைத்திருந்தது. பூசைப் பொட்டை எண்ணெய்க் கையால் தொடக்கூடாது என்று அவரே சொல்லி வைத்ததால் தம்பித்துரை எப்போதும் மூடியை விளிம்பில் மட்டும் பிடித்துத் திறந்திருக்கிறார். நக்கலாகச் சொன்னதுதான் உண்மையான பழுது என்று சொன்னவருக்கும் தெரியாது. சுந்தரேஸ்வரி கொண்டை ஊசியை உருவித் துளையைக் குத்தினார். சிரிப்புக்கூட வரப் பார்த்தது. அப்போது தாங்கியின் அடியிலிருந்து இன்னொன்று வந்தது, தம்பித்துரையின் மெதுவான குரலில்.

"பேனாட்டிட்டச் சொல்லிப் போட்டன். இந்த முறையும் உழுது முடியாது, சோளக்காரனுக்கே குடுங்கோ எண்டு."

ஊசி நின்றது. தாங்கி மூச்சு விட்டதில் இருவருடைய குரலும் திரும்பியிருந்தது.

"இதை எப்ப சொன்னனீங்கள்?"

"பூசணி வெட்டின கிழமை. உமக்கும் அண்டைக்கே சொன்னனான், இதிலயே நிண்டு."

"மெசின் நிண்ட பிறகு."

"ஓம்."

"எனக்குக் கேக்காதெண்டு தெரிஞ்சுதானே சொன்னனீங்கள்?"

தம்பித்துரை சால் மண்ணைப் பார்த்தார். "உம்மட இடுப்பைப் பாத்துத்தான்..."

"என்ர இடுப்பு எனக்குத் தெரியும். விலகுங்கோ."

மூடியை இறுக்கிவிட்டு ஏறி எஞ்சின் திறப்பைத் திருப்பினார். ட்ராக்டர் கிளம்பியது. பிறகு நிற்கவேயில்லை. முழு வயலையும், வரம்பு ஓரத்தையும், திரும்பும்போது விடுபடுகிற மூலைகளையும் சுந்தரேஸ்வரி உழுதார். அத்தனை நேரான உழவுச் சால்களை அந்தப் பக்கத்தில் ஒருவரும் கண்டதில்லை என்று கலாதேவி இன்றும் சொல்வார். அடுத்த நாள் விடியும்போது உறைபனி உழுத மண்ணின்மேல்தான் விழுந்தது. பேனாட் வந்து, குனிந்து ஒரு கட்டியை உடைத்துப் பார்த்து, சோளக்காரனிடம் இல்லை என்று சொல்லப் போனார்.

சுந்தரேஸ்வரியின் கோபம் போகவில்லை. பொட்டை இப்போது முன்விளக்குக்கு மேலே வைக்கிறார். தாங்கி குடித்த மற்றச் சத்தமெல்லாம் அன்றே தீர்ந்துவிட்டது. பேனாட்டைப் பற்றிய அந்த ஒரு வசனம் மட்டும் அடியில் தங்கிவிட்டது. டீசல் ஊற்ற மூடியைத் திறந்தால் முதலில் அதுதான் வரும். காலையில் டீசல் கானைக் கையில் பிடித்தபடி தம்பித்துரை தன் குரல் சொல்லி முடிக்கும்வரை நிற்பார். பிறகு ஊற்றுவார்.