அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த கேமரா

சுவாமிநாதனுக்கு அன்று அறுபதாம் கல்யாணம். மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் ஹோமம் புகைந்துகொண்டிருக்க, கல்யாண மாப்பிள்ளையோ பஞ்சகச்சத்தோடு கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில் மண்டியிட்டுக் கிடந்தார்.

பாஸ்டனில் இருக்கும் ஒரே பிள்ளை ஸ்ரீவத்சனுக்கு விசாவில் ஏதோ சிக்கல். கிளம்பி வந்தால் திரும்பிப் போக முடியாது. அவன் அம்மா முகத்தைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. தாலி கட்டுவதையாவது பார்க்கிறேன் என்று சிநேகிதன் கையில் ஒரு குட்டிக் கேமராவைக் கொடுத்தனுப்பியிருந்தான். புதுக் கம்ப்யூட்டரின் பின்பக்கத்து யூ.எஸ்.பி. ஓட்டையில் செருகினால், இன்டர்நெட் வழியாக அங்கே படம் தெரியுமாம். தெரிந்தால்தானே!

தி.நகர் கடையிலிருந்து வந்திருந்த ஹனீஃபா கையை விரித்தான். "மெஷின் புச்சு சார், உள்ள கீற விண்டோஸ் பழசு. தொண்ணூத்தஞ்சுக்கு யூ.எஸ்.பி.ன்னா இன்னான்னே தெரியாது. எடுத்துட்டு தொண்ணூத்தெட்டு போட்டுடட்டா?"

"மூச்சு விடப்படாது!" என்று அலறினார் சுவாமிநாதன். அவருடைய பஞ்சாங்க சாப்ட்வேர் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். இன்றைய முகூர்த்தத்தைக் குறித்துக் கொடுத்ததே அதுதான். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, அது குறித்த முகூர்த்தத்தில் தாலி கட்டுவது எந்த ஊர் நியாயம்? ஹோமத்துக்கு நெய் விட்டுக்கொண்டிருந்த சாஸ்திரிகள் மந்திரத்துக்கு நடுவே தலையை ஆட்டினார்.

ஹனீஃபா பையைக் கொட்டிக் கவிழ்த்து ஒரு சி.டி.யைத் தேடி எடுத்தான். பழைய விண்டோஸுக்கே யூ.எஸ்.பி.யைப் பழக்கிவிடும் சமாசாரம் அதில் இருந்தது. ஏற்றினான். அணைத்துப் போட்டான். ஸ்கிரீனில் யூ.எஸ்.பி.க்குப் பக்கத்தில் நின்றிருந்த மஞ்சள் கேள்விக்குறி போயே போய்விட்டது. கூடியிருந்த சொந்தக்காரர்கள் கை தட்டினார்கள். எதற்கென்று யாருக்கும் தெரியாது.

கேமரா மட்டும் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தது. ஹனீஃபா பிளக்கை அழுத்திப் பார்த்தான். பாதிக்கு மேல் இறங்கவில்லை. மறு ஓட்டையிலும் அதே கதைதான்.

"முகூர்த்தம் நெருங்கறது, வரேளா இல்லையா?" என்றார் சாஸ்திரிகள்.

ஹனீஃபா டார்ச் அடித்துப் பார்த்தான். "சார்... உள்ள சந்தனம் கீது. மேல குங்குமம் வேற."

மணையில் உட்கார்ந்திருந்த விசாலாக்ஷி சட்டென்று நிமிர்ந்தாள். "புதுசா ஒரு சாமான் ஆத்துக்கு வந்தா பொட்டு வைக்காம எப்படின்னா? முன்னாடி வெச்சா அசிங்கமா இருக்கும், பின்னாடி வைன்னு நீங்கதானே சொன்னேள்! ரெண்டு ஓட்டை வாகா இருந்துது, அழுத்தி வெச்சேன்."

சுவாமிநாதனுக்குக் கோபம் தலைக்கேறி, அதே வேகத்தில் இறங்கியது. சொன்னது அவர்தான். பிள்ளை அங்கே ராத்திரி கண் முழித்துக் காத்திருக்கிறான், இங்கே தன் வாயே குறுக்கே நிற்கிறதே!

கம்ப்யூட்டரை அணைத்துத் திருப்பிப் போட்டார்கள். குச்சி வேண்டும் என்றான் ஹனீஃபா. சாஸ்திரிகள் ஹோமத்துக்கு வைத்திருந்த சமித்தில் மெல்லிசாக ஒன்றைப் பொறுக்கிக் கொடுத்தார். "மந்திரம் ஏதாச்சும் சொல்லணுமா சாமி?" என்று கேட்டுக்கொண்டே ஹனீஃபா சுரண்டினான். காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

இந்த முறை பிளக் முழுசாக இறங்கியது. கம்ப்யூட்டரை மறுபடி போட்டதும் கேமராவில் பச்சை விளக்கு எரிந்தது. மோடம் கீச்சுக் கீச்சென்று கத்தி ஓய்ந்தது. இருக்கும் ஒரே போன் லைனை அது பிடித்துக்கொண்டதால் பிள்ளையின் குரல் வராது. டைப் அடிக்கத்தான் முடியும்.

விசாலாக்ஷி மணையை விட்டு எழுந்து வந்து கேமராவுக்குள் எட்டிப் பார்த்தாள். ஸ்கிரீனில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஹனீஃபா சத்தமாகப் படித்தான். "அம்மா தெரியறா. அம்மா, ஏன் இவ்வளவு இளைச்சுட்டே?"

அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நகரவில்லை.

"மாமி, மணைக்கு வாங்கோ! நேரமாயிடுத்து!" என்று சாஸ்திரிகள் கத்தினார்.

சுவாமிநாதன் கேமராவைப் பார்த்தார், அதன் வயரைப் பார்த்தார். மணை வரைக்கும் நீளாது. தட்டிலிருந்து திருமாங்கல்யத்தை எடுத்துக்கொண்டு போய், மேஜைக்கு முன்னால் நின்றபடிக்கே அவள் கழுத்தில் கட்டினார். கெட்டிமேளம் முழங்கியது, அட்சதை விழுந்தது. அவள் திரும்பவே இல்லை.